கடிவாளம் யார் கையில்?

"அங்கே மனிதரே இல்லை. நானும் இறைவனும் மட்டுமே இருந்தோம்."

அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கித் திரும்பிய நண்பர் ஒருவர், எங்கள் பங்கின் மாலைக் கூட்டமொன்றில் இவ்வாறு கூறினார். அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள கேன்யன் டி ஷே என்னும் பள்ளத்தாக்கில், குதிரையேறி இரண்டு நாள் பயணம் செய்த அனுபவத்தை அவர் விவரித்தார். செங்குத்தாய் எழும் செம்பாறைச் சுவர்கள், அவற்றின் அடியில் மணற்படுகை, இரவில் கைக்கெட்டும் தொலைவில் தோன்றிய விண்மீன்கள். கேட்டிருந்தோர் உள்ளம் உருகினர். பாலைநிலத் துறவியரின் தனிமை தமக்கு அங்கே விளங்கிற்று என்றார் அவர்.

பின்னர் நிழற்படங்களைக் காட்டினார். ஒரு படத்தில், அவருடைய குதிரைக்கு முன்னே மற்றொரு குதிரை சென்றது. அதன்மீது ஒருவர் அமர்ந்திருந்தார். முதுகும் தொப்பியும் மட்டுமே தெரிந்தன.

"இவர் யார்?" என்று வினவினேன்.

"வழிகாட்டி. நவஹோ இனத்தவர். நல்ல மனிதர்; அதிகம் பேசமாட்டார்."

"பெயர்?"

நண்பர் சற்று நாணத்துடன் சிரித்தார். "கேட்கவில்லையே!"

இரண்டு நாள். உணவு சமைத்தவர், குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர், கூடாரம் அடித்தவர், வழி தவறாமல் மீட்டுக் கொணர்ந்தவர் ஒரு மனிதர். எனினும், "அங்கே மனிதரே இல்லை." இவ்வொரு வாக்கியத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். என் நண்பரை எதிர்த்தன்று. அவர் நல்லவர், செபிக்கத் தெரிந்தவர். அதனாலேயே இவ்வாக்கியம் என்னை உறுத்துகிறது. தீயவர் வாயிலிருந்து வந்திருந்தால் அதை எளிதில் புறந்தள்ளியிருப்போம்.

பெயரும் உறவும்

அந்த மக்கள் தம்மை 'தினே' என்று அழைத்துக்கொள்கின்றனர். 'மக்கள்' என்பதே அதன் பொருள். 'நவஹோ' என்பது அயலார் இட்ட பெயர். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களிலும் ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அவர்கள் நாட்டுக்குத் தனி அரசும், விண்டோ ராக் என்னும் ஊரில் தலைநகரும், நீதிமன்றங்களும், காவல்துறையும் உண்டு. அவ்வினத்தின் பதிவேட்டில் இடம்பெற்றோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர்.

தினே மக்களிடையே இருவர் முதன்முறை சந்தித்தால், தம் பெயரோடு தம் குலங்களையும் கூறுவர். தாயின் குலம் முதலில். பின்னர் தந்தையின் குலம். அதன்பின் தாய்வழித் தாத்தாவின் குலமும் தந்தைவழித் தாத்தாவின் குலமும். இதனால் எதிரே நிற்பவர் தமக்கு அண்ணனா, தாய்மாமனா, பாட்டியா என்பது அக்கணமே தெரிந்துவிடும். உறவை அறிந்த பின்னரே உரையாடல். 'அதிகம் பேசமாட்டார்' என்று நண்பர் வழிகாட்டியைப் பற்றிக் கூறினாரே, அவர் ஏன் பேசவில்லை என்பது இப்போது ஓரளவு விளங்கவில்லையா? பெயரையும் கேளாதவரிடம் அவர் எந்த உறவைச் சொல்லிப் பேசத் தொடங்குவார்?

நம் தமிழும் இப்பழியினின்று நீங்கியதன்று. இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் வேறொரு கரையில் இறங்கி, அங்கிருந்தோரை இந்தியர் என்று பிழையாக அழைத்தார். நாமோ அப்பிழையோடு தோலின் நிறத்தையும் சேர்த்துச் 'செவ்விந்தியர்' என்று பாடநூலிலும் எழுதினோம். நம்மில் பலர் சிறுவயதில் சிவகாசி லயன் காமிக்ஸ் இதழ்களின் வழியாகவே நவஹோ என்னும் பெயரை அறிந்தோம். 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் என்னும் கதாநாயகர் அவற்றில் நவஹோக்களின் தலைவராக வருவார். நானும் அவற்றை விரும்பிப் படித்தவனே. அக்கதைகள் பல இடங்களில் அம்மக்களின் பக்கம் நின்று பேசுவதும் உண்மையே. ஆயினும் அந்தத் தலைவர் ஒரு வெள்ளையர் என்பது அன்று நமக்கு உறைக்கவில்லை. கதையில்கூட அவர்கள் குதிரையின் கடிவாளம் அயலார் கையில்தான் இருந்தது.

வெறுமை எவ்வாறு உண்டாயிற்று?

'மனிதரற்ற பாலை' என்று விளம்பரத்தாள்கள் வருணிக்கும் அப்பள்ளத்தாக்கில் இன்றும் கோடைக்காலத்தில் தினே குடும்பங்கள் சோளம் பயிரிடுகின்றன, ஆடு மேய்க்கின்றன. 1931-இல் அது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டபோதும் நிலம் அவர்களுடையதாகவே நீடித்தது. ஆகவே பயணி கடந்து செல்வது பிறர் வீட்டு முற்றத்தையும் வயலையும் கல்லறையையும் என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

அங்கே ஆள் குறைந்து காணப்படுகிறது என்றால், அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1805-இல் எசுப்பானியப் படையினர் அப்பள்ளத்தாக்கின் குகையொன்றில் ஒளிந்திருந்தோரைச் சுட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். 1863-இல் கிட் கார்சனின் தலைமையில் வந்த அமெரிக்கப் படை பயிர்களை எரித்தது, கால்நடைகளை அழித்தது. அடுத்த ஆண்டில், பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாய் வளர்த்த ஆயிரக்கணக்கான பீச் மரங்களும் வெட்டி வீழ்த்தப்பட்டன. பசியால் சரணடைந்தோர் 300 மைலுக்கும் மேல் நடத்திச் செல்லப்பட்டு, நியூ மெக்சிகோவின் கிழக்கே போஸ்க் ரெடோண்டோ என்னும் இடத்தில் அடைத்து வைக்கப்பட்டனர். அதுவே 'நெடுநடை' எனப்படுவது. அங்கே 8,000-க்கும் மேற்பட்டோர் உப்பு நீரையும் புழுத்த மாவையும் உண்டு வாழ்ந்தனர். ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். 1868 ஜூன் 1 அன்று உடன்படிக்கை கையெழுத்தான பின்னரே, தம் பழைய நிலத்தின் ஒரு பகுதிக்கு அவர்கள் திரும்பினர்.

குதிரையையும் இவ்வரலாற்றினின்று பிரிக்க இயலாது. எசுப்பானியர் வழியே வந்த அவ்விலங்கைத் தினே மக்கள் தமதாக்கிக்கொண்டனர். நீலமணியாலும் வெண்சங்காலும் ஆன குதிரைகளின்மீது கதிரவன் ஊர்வதாக அவர்களின் மரபு கூறும். 1930-களில், மேய்ச்சலால் மண் அரிக்கிறது என்று காரணம் காட்டி, இந்திய விவகார ஆணையர் ஜான் காலியரின் காலத்தில் அரசு அவர்களின் ஆடுகளையும் குதிரைகளையும் பெருந்தொகையில் குறைத்தது. பல இடங்களில் விலங்குகள் உரிமையாளரின் கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்டு அங்கேயே அழுகவிடப்பட்டன. மந்தையே செல்வமாயிருந்த மக்கள் ஒரு தலைமுறையில் கூலிக்காரராயினர். இன்று பயணி ஏறியமரும் குதிரை, அந்த அழிவுக்குத் தப்பிய மரபின் மிச்சம். அழகிய காட்சிக்குப் பொருத்தமான ஊர்தியாக மட்டும் அதைக் காண்பவர், காண்பதில் பாதியைத் தவறவிடுகிறார்.

அண்மைக் காலமும் இதற்கு விலக்கன்று. 1944 முதல் 1986 வரை அம்மண்ணிலிருந்து ஏறத்தாழ மூன்று கோடி டன் யுரேனியக் கனிமம் தோண்டியெடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500-க்கும் மேல். 1979 ஜூலை 16 அன்று சர்ச் ராக் என்னுமிடத்தில் ஆலைக்கழிவு அணை உடைந்து, கதிரியக்கக் கழிவுநீர் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தது. அந்நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் குழாய் நீர் இல்லை. பீப்பாய்களில் தண்ணீர் ஏற்றி வருகின்றனர். 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தமக்கு உரிய நீரைப் பெற்றுத்தர அரசு ஆவன செய்ய வேண்டும் என்று அவர்கள் தொடுத்த வழக்கை, 2023 ஜூன் 22 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. குதிரைக்குத் தண்ணீர் காட்டிய அவ்வழிகாட்டியின் வீட்டில் குழாய் உண்டா? நண்பர் அறியார். அறிய வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

மூன்று வாதங்கள்

என் கருத்தை மறுப்போர் மூன்று வாதங்களை முன்வைப்பர்.

"சுற்றுலா அவர்களுக்குப் பிழைப்புத் தருகிறது, அதைக் குறை கூறுவது ஏழையின் வயிற்றிலடிப்பதாகும்" என்பது முதல் வாதம். இதில் உண்மை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. கேன்யன் டி ஷேயின் அடித்தளத்துக்குள் நவஹோ வழிகாட்டி இன்றி அயலார் செல்வது பொதுவாகத் தடுக்கப்பட்டுள்ளது. மானுமெண்ட் பள்ளத்தாக்கை 1958-இல் தம் சொந்தப் பூங்காவாக அமைத்தவர்களும் அம்மக்களே. இவை நல்ல ஏற்பாடுகள். தம் குதிரையில், தம் நிலத்தில், தாம் குறித்த விலைக்கு விருந்தினரை அழைத்துச் செல்லும் குடும்பத்துக்குக் கொடுக்கும் பணம் நேர்மையான பணம். ஆனால் தொலைநகரத்தில் ஒருவர் பயணத்தை விற்று, பெரும்பங்கைத் தாம் எடுத்துக்கொண்டு, மண்ணின் மைந்தரை நாட்கூலிக்கு அமர்த்துவதையும் இதே வாதத்தால் நியாயப்படுத்த முடியுமா? பிழைப்புத் தருகிறோம் என்னும் சொல் கங்காணிகளின் வாயில் எக்காலமும் இருந்த சொல் அன்றோ?

"பயணிகள் வருவதால்தான் அவர்கள் பண்பாடு அழியாமல் இருக்கிறது" என்பது இரண்டாம் வாதம். நிகழ்வன இதற்கு மாறானவை. தினே மரபில் கயோட்டிக் கதைகள் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லத்தக்கவை. பாம்பும் கரடியும் உறங்கும் காலமே அவற்றுக்குரிய காலம். பயணியோ கோடையில் வருகிறார். நெருப்பைச் சுற்றி அமர்ந்ததும், "உங்கள் கதை ஒன்று சொல்லுங்கள்" என்கிறார். வழிகாட்டி மறுத்தால் ஏமாற்றம். சொன்னால் மரபு மீறல். நோயுற்றவரைக் குணமாக்கும் சடங்கில் வரையப்படும் மணலோவியம், சடங்கு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டியது. கடையில் விற்பதற்கு அதைச் செய்யும் கலைஞர்கள், புனிதம் கெடாதிருக்க வேண்டுமென்றே சில கூறுகளை மாற்றி வரைகின்றனர். ஆகவே வாங்கியவர் சுவரில் தொங்குவது அச்சடங்கின் ஓவியம் அன்று; அவரிடமிருந்து காக்கப்பட்டதன் அடையாளம். பண்பாட்டை இதுவரை காத்தது பயணியின் பணம் என்பதைவிட, அவரிடம் எதைச் சொல்லக்கூடாது என்றறிந்த அம்மக்களின் அடக்கம் என்பதே பொருந்தும்.

சடங்கை விலைக்கு வாங்கத் துணிந்தால் நேர்வது யாது என்பதையும் அதே அரிசோனா கண்டது. 2009 அக்டோபரில் செடோனா அருகே, பூர்வகுடியினரின் வியர்வைக் குடில் சடங்கைப் போலச் செய்த ஓர் அயலார், ஆளுக்கு 9,000 டாலருக்கு மேல் பெற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோரை அனல் மிகுந்த கூடாரத்துள் அமர்த்தினார். மூவர் உயிரிழந்தனர். சடங்கு என்பது ஒரு சமூகத்தின் பொறுப்போடும் கட்டுப்பாட்டோடும் பிணைந்தது. அப்பிணைப்பை அறுத்துவிட்டு அனுபவத்தை மட்டும் எடுத்துச் செல்ல முடியாது.

"படைப்பு அனைவர்க்கும் பொது, இறைவனின் கைவண்ணத்தைக் காண யாரிடம் இசைவு பெறவேண்டும்?" என்பது மூன்றாம் வாதம். பக்தியின் ஆடை அணிந்து வருவதால் இதுவே மூன்றிலும் ஆபத்தானது. படைப்பு பொதுவே. ஆனால் அப்பொதுவுடைமையைப் பறைசாற்றுவோர் ஏன் எப்போதும் பிறர் நிலத்திலேயே அதைப் பறைசாற்றுகின்றனர்? நம் கல்லறைத் தோட்டத்தில் குதிரையேறி வந்து ஒருவர் விண்மீன்களை இரசித்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

இங்கே மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. அந்நிலம் அழகியது மட்டுமன்று, கொடியதுமாகும். 1997 ஆகஸ்ட் 12 அன்று, நவஹோ நாட்டிலுள்ள ஆண்டிலோப் பிளவுப்பள்ளத்தாக்கில் இறங்கியிருந்த பயணிகள் 11 பேர் திடீர் வெள்ளத்தில் மாண்டனர். மழை பெய்தது பல மைல் தொலைவில். வழிகாட்டி அலங்காரத்துக்கு முன்னே செல்பவர் அல்லர். வானம் தெளிந்திருக்கும்போதே 'இன்று இறங்கவேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவர் அவர். அவ்வறிவுக்கு மதிப்பளித்தலும் கூலியின் ஒரு பகுதி.

நம் கணக்கு

பிறரைச் சாடுமுன் நம் கணக்கையும் பார்த்தாக வேண்டும். அம்மக்கள் தம் நாட்டின் எல்லைகளாகக் கொள்ளும் நான்கு புனித மலைகளுள் மேற்கே நிற்பது, உச்சி உருகாத மலை என்னும் பொருளுடைய பெயர் கொண்டது. உலக வரைபடத்திலோ அது சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள். அசிசியின் புனித பிரான்சிசை நினைந்து நம் துறவியர் இட்ட பெயர். பறவைகளையும் உடன்பிறப்பாய்க் கொண்ட அப்புனிதரின் பெயர் தாங்கிய மலையில், பனிச்சறுக்கு விளையாட்டுக்காகச் சுத்திகரித்த கழிவுநீரால் செயற்கைப் பனி செய்கின்றனர். அது தங்கள் ஆலயத்தை அசுத்தப்படுத்துவதாகும் என்று நவஹோ நாடும் பிற இனத்தவரும் வழக்காடினர். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அயலார் நிலங்களைக் 'கண்டுபிடித்து' உரிமை கொள்ளலாம் என்னும் கோட்பாட்டுக்குப் பதினைந்தாம் நூற்றாண்டுத் திருத்தந்தையரின் ஆணைமடல்கள் துணையாகக் காட்டப்பட்டன. 2023 மார்ச் 30 அன்று வத்திக்கான் அக்கோட்பாட்டை வெளிப்படையாக மறுத்துரைத்தது. 2024 ஜூனில் அமெரிக்க ஆயர்கள், பூர்வகுடிப் பிள்ளைகளை மொழியினின்றும் குடும்பத்தினின்றும் பிரித்த உறைவிடப் பள்ளிகளில் திருச்சபைக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கோரினர். காலந்தாழ்ந்த செயல்களே, எனினும் உண்மையின் பக்கம் எடுத்து வைத்த அடிகள்.

அதே வரலாற்றில் வேறொரு முன்மாதிரியும் நமக்குண்டு. புனித கேத்தரின் டிரெக்சலின் உதவியோடு 1898-இல் செயின்ட் மைக்கேல்ஸ் என்னுமிடத்தில் குடியேறிய பிரான்சிஸ்கன் துறவியர், போதிக்குமுன் மொழியைக் கற்க முயன்றனர். 1910-இல் நவஹோ மொழிக்கு இனவியல் அகராதி ஒன்றை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான தந்தை பெரார்டு ஹைல் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அம்மொழியையும் சடங்குகளையும் பதிவு செய்வதில் கழித்தார். பயணி இரண்டு நாளில் விளங்கிவிட்டது என்கிறாரே, அதைக் கற்க அத்துறவிக்கு ஓர் ஆயுள் போதவில்லை.

என் நண்பர் பாலைநிலத் துறவியரை எடுத்துக்காட்டினார். விவிலியத்தின் பாலைநிலங்கள் ஆளற்றவையா? மோசே எரியும் முட்செடியைக் கண்டது தனிமையில்தான். ஆனால் மேய்த்தது மாமனார் இத்திரோவின் ஆடுகளை. நின்றது மிதியானியர் வாழ்ந்த நாட்டில். தப்பியோடி வந்த அவருக்கு உணவிட்டு, உறவாக்கிக்கொண்டவர்கள் அம்மக்கள். பாலையில் விரட்டப்பட்ட அடிமைப்பெண் ஆகாரையோ, ஆண்டவரின் தூதர் பெயர் சொல்லி அழைத்தார். பாலையில் இறைவன் சந்திப்பது மனிதரை மறக்கச் செய்வதற்கன்று.

ஆகவே, போகவேண்டாம் என்று நான் கூறவில்லை. அமெரிக்காவில் பிள்ளைகள் வாழும் நம் குடும்பங்கள் பல, வாய்ப்புள்ளோர் போகட்டும். ஆனால் விருந்தினராய்ப் போகட்டும். அம்மக்களே நடத்தும் பயணத்தைத் தேர்ந்து கொள்க. புறப்படுமுன் 1864-இலும் 1868-இலும் நிகழ்ந்தவற்றைப் படித்துக்கொள்க. இசைவின்றி எவரையும் படம் எடுக்காதீர்கள். சடங்கைக் காட்டும்படி கேளாதீர்கள். சொல்லப்படாத கதையை, மறுப்பாகக் கொள்ளாமல் மரியாதையாகக் கொள்க. எல்லாவற்றுக்கும் முன், உங்கள் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேளுங்கள்.

அன்று கூட்டம் கலைந்த பின் நண்பர் என்னிடம் வந்தார். சினந்துகொள்வார் என்றே எண்ணினேன். அவர் அந்த நிழற்படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "மகனுக்குக் கடிதம் எழுதப் போகிறேன். பயணத்துக்கு ஏற்பாடு செய்தவன் அவன்தான். அவர் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்கலாம்" என்றார்.

தெரியவில்லை என்று மகனிடமிருந்து விடை வந்ததாம். அடுத்த முறை போகும்போது கேட்டறிந்து வருவதாக நண்பர் உறுதி கூறியிருக்கிறார்.